மிதித்தால் நகரும் பூமி

இதை யாருக்கும் காட்டாதே. உன் காலில் விழுந்து கேட்பதாக வைத்துக்கொள். உன் மனைவிக்கு வேண்டாம், உன் கூட்டாளிகளுக்கு வேண்டாம், நான் கிழவியாகி வாய் குழறும் காலத்தில் என் கட்டிலைச் சுற்றி நிற்பவர்களுக்கும் வேண்டாம். ஒருமுறை படி, பிறகு அடுப்பில் போட்டுவிடு. காகிதம் பூகோளப் பாட நோட்டிலிருந்து கிழித்தது. பின்பக்கத்தில் மழை அளவுப் படம் இருக்கும், அதைப் பார்த்துச் சிரிக்காதே. வேறு காகிதம் எடுக்க வேண்டுமென்றால் கூடத்தைக் கடக்க வேண்டும். கூடத்தில் அத்தையும் அவளுடைய இரண்டு பிள்ளைகளும் படுத்திருக்கிறார்கள். பிள்ளைகள் தூங்குகின்றன. அத்தை தூங்குவதில்லை.

நீ இன்னும் பிறக்கவில்லை, தம்பி. எனக்குப் பதினைந்து வயதுதான் ஆகிறது. மலாக்காவில், எங்கள் காஜா பெராங்கில், அம்மாக்கள் மகனைத் தம்பி என்றுதான் கூப்பிடுகிறார்கள், அதனால் நானும் அப்படியே கூப்பிடுகிறேன். நீ மகளாகப் பிறந்துவிட்டால் கோபித்துக்கொள்ளாதே, இதை உனக்கென்றே எடுத்துக்கொள். மெர்டேக்கா, நாட்டுக்குச் சுதந்திரம், வந்த பிறகு எனக்குப் பள்ளிக்கூடம் போதும், மாப்பிள்ளை பார்க்கலாம் என்று அம்மா இரண்டு முறை சொல்லியாகிவிட்டது. அதனால் நீ வருவதற்கு அதிக நாள் இல்லை என்று நினைக்கிறேன். ஆனால் அதற்காக எழுதவில்லை. இன்று சாயங்காலம் சோறு வடித்துக்கொண்டே அம்மா ஒருவரைத் திட்டினாள். "அவனுக்கும் ஒரு புள்ள இருக்குல்ல? நாளைக்கு அந்தப் புள்ள, என்னாப்பா செஞ்சேன்னு கேட்டா மூஞ்ச எங்க கொண்டுபோய் வெச்சிக்குவான்?" திட்டு வாங்க வேண்டியவர் அவர் இல்லை. நான்தான். அம்மாவுக்கு அது தெரியாது. கஞ்சியின் ஆவி என் முகத்தில் அடித்தது, நான் நகரவில்லை. அப்போதுதான் உன்னை நினைத்தேன். நாளைக்கு நீ கேட்டால்?

எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. வெளியே ஏதாவது வண்டி போனால் பேனாவை வைத்துவிடுகிறேன். ஜீப்பின் சத்தமும் லாரியின் சத்தமும் வேறு வேறு, இந்த நாலு நாளில் கற்றுக்கொண்டேன். இப்போது போனது லாரி.

உன் தாத்தாவிடமிருந்து ஆரம்பிக்கிறேன். என் அப்பாவைத் தாத்தா என்று எழுதக் கை கூசுகிறது, அவர் மீசையில் இரண்டு நரைதான் இருக்கிறது. ஜப்பான்காரன் காலத்தில் அவரைச் சயாமில் ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். அங்கே நடந்ததை அவர் சொல்வதில்லை. ஒன்றை மட்டும் சொல்வார், அதையும் சாப்பிட்டு முடித்து, கழுவிய கை காய்ந்த பிறகுதான். போர் முடிந்துவிட்டது என்று அவர்களை வைத்திருந்த கொட்டகையில் யாருக்கும் தெரியாத ஒரு காலையில், இறக்கை தலைக்கு மேலே இருக்கிற ஒரு சின்ன விமானம் மரங்களை உரசுவதுபோல வந்து சுற்றியதாம். நடக்கத் தெம்பில்லாமல் வாசலில் கிடந்தவர் அண்ணாந்து பார்த்தாராம். சன்னலில் ஒரு முகம் தெரிந்ததாம், அது கையை ஆட்டியதாம். "அது குண்டு போடுற பிளேன் இல்லம்மா. பாக்குற பிளேன். பாக்குறது மட்டுந்தான் அதுக்கு வேல. நாங்க இன்னும் உசிரோட கெடக்கோம்னு அன்னிக்கு ஒருத்தன் பாத்துட்டான்." இதைச் சொல்லும்போது அவர் குரல் பள்ளிக்கூடப் பையனின் குரல்போல ஆகிவிடும். இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள், தம்பி. மேலேயிருந்து ஒரு முகம் பார்த்தது, பிறகு உதவி வந்தது, அதனால் உன் தாத்தா பிழைத்தார். கடைசியில் இது எப்படித் திரும்பியது என்று உனக்குத் தெரிய வேண்டும்.

இப்போது அவர் பத்து பெரண்டாம் விமானத் திடலில் வேலை செய்கிறார். காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளைத் தேடிப் பறக்கிற சின்ன விமானங்களைக் கழுவுவதும், கிழிந்த இறக்கைத் துணிக்கு ஒட்டுப் போடுவதும் அவர் வேலை. ஆமாம், இறக்கை துணிதான். அதை விறைக்க வைக்க ஒரு மருந்து பூசுகிறார்கள், அது கனிந்த வாழைப்பழம்போல மணக்கும், அப்பாவின் சட்டைகள் எல்லாம் அப்படித்தான் மணக்கும். அவர் அவற்றை எத்தனையோ முறை கழுவியிருக்கிறார், ஒருமுறைகூட ஏறிப் பறந்ததில்லை. ஏற்றமாட்டார்கள். அதனால் நம் வீட்டுப் பின்னால், முன்பு மாடு கட்டிய கொட்டகையில், அவரே ஒன்று செய்தார். பறப்பதற்கு இல்லை. உட்கார்ந்து பறப்பதுபோல இருப்பதற்கு. அதிலும் திடலில் நிற்கிற விமானம் அவருக்கு வேண்டாம். அவை புதியவை. சயாமில் பார்த்தது அவற்றின் அக்காள், மூக்கு கொஞ்சம் குட்டை, சன்னல் வேறு மாதிரி. திடலில் இருப்பதை அளந்து, நினைவில் இருப்பதை வைத்துத் திருத்தி, அந்தப் பழைய போர்க்கால விமானத்தைத்தான் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்றார்.

அளந்தது எப்படி என்று கேட்பாய். இதையும் யாரிடமும் சொல்லாதே. முடிச்சுப் போட்ட கயிறு ஒன்றை இடுப்பில் சட்டைக்குள் கட்டிக்கொண்டு வேலைக்குப் போவார். கழுவும்போது கதவின் அகலம், இருக்கையின் உயரம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு முடிச்சு. வீட்டுக்கு வந்ததும் கயிற்றைச் சிமெண்டுத் தரையில் நீட்டிச் சாக்கட்டியால் கோடு போடுவார். கோட்டைப் பார்த்து மரத்தை அறுத்தவர் பாக் ராஜா. அவர் சிட்டிக் கம்பத்துத் தச்சர், முந்நூறு நானூறு வருடம் முன்னே வந்து இங்கேயே கலந்துபோன தமிழ் வணிகர்களின் குடியிருப்பு அது, இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. நம்மைப்போல அவரும் மாரியம்மனைத்தான் கும்பிடுகிறார், நெற்றியில் திருநீறு இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது, ஆனால் அவர்கள் வீட்டில் பேசுவது மலாய். அவருக்குத் தமிழில் தெரிந்தது சாமி பெயர்கள், பலகாரங்களின் பெயர்கள், பிறகு 'அண்ணே'. அப்பாவுக்கு மலாய் தெரியும், அம்மாவுக்குச் சந்தை மலாய் மட்டும். அதுவும் இந்தக் கதையில் ஒரு காரணம்.

இரண்டு எண்ணெய்ப் பீப்பாய்கள் மேல் லாரியின் ஸ்பிரிங் பட்டையை வைத்து, அதன் மேல் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் கூண்டு. கைப்பிடியை இழுத்தால் மூக்கு நிமிரும், விட்டால் சைக்கிள் டியூப் அதைத் திரும்ப இழுக்கும். உடைந்த கடிகாரம்தான் உயரமானி. கூண்டின் தளத்தில், ஓட்டுகிறவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கீழே பார்க்கும் பார்வையாளரின் கால்களுக்கு நடுவே ஒரு சதுர ஓட்டை. ஓட்டைக்குக் கீழே ஒரு முழம் தள்ளிப் பூமி ஓடும். அந்தப் பூமி என் வேலை. ஜாலான் பெண்டஹாராத் தெருவில் துணிக்கடையில் வேலை செய்யும் சண்முகண்ணன் இருபது கெஜம் மல் துணி கொண்டுவந்தார். அதில் நான் மலாக்காவை வரைந்தேன். கடல், ஆறு, தெரு, பிறகு மெர்லிமாவ், ஜாசின் ஊர்கள், ரப்பர்த் தோட்டங்கள், காடு, திரும்பக் கடல். துணியின் இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்தது கடலுக்குள், தையல் தெரியக்கூடாது என்று. அதை இரண்டு உருளைகளில் மாட்டி, அம்மாவின் பழைய தையல் இயந்திரத்தின் மிதியோடு இணைத்தோம். நான் கீழே உட்கார்ந்து மிதிப்பேன், பூமி நகரும். மேலே இருப்பவர்களுடைய கால்கள்தான் எனக்குத் தெரியும். அப்பா குதிகாலால் பலகையைத் தட்டுவார். ஒரு தட்டு என்றால் வேகம். இரண்டு தட்டு என்றால் மெதுவாக. மூன்று தட்டு என்றால் இறங்கப்போகிறோம், நிறுத்து.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு ஏழு பேர் வருவார்கள். எல்லாரும் வேலைக்குப் போகிற பெரிய ஆண்கள், வரிசையில் நிற்பார்கள் தம்பி, ராட்டினத்துக்கு நிற்பதுபோல. ஒருநாள் காற்று பலம் என்று சொல்லிப் பாக் ராஜா வெளியே நின்று கூண்டைக் குலுக்கினார். சண்முகண்ணன் ஓட்டை வழியாக வாந்தி எடுத்துவிட்டார். "அய்யய்யோ, எங்க எடுத்த?" என்று அப்பா கத்தினார். "மெர்லிமாவ் மேல லா," என்றார் சண்முகண்ணன் முனகிக்கொண்டு. "மெர்லிமாவ்ல எங்க சித்தப்பா இருக்காருடா, குடை எடுத்துக்கச் சொல்லு!" என்று வரிசையில் ஒருவர் கத்த, பாக் ராஜா சிரித்துச் சிரித்துப் பீப்பாய்மேல் சாய்ந்துவிட்டார். நான் அந்த இடத்தைத் துவைத்தேன். அன்றிலிருந்து மெர்லிமாவ் மட்டும் வெளுத்துப்போய் இருந்தது. ஓட்டுகிறவர்கள் அதைப் பார்த்தே வழி கண்டுபிடித்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமைகள் எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று உனக்கு எழுதிக் காட்ட முடியாது. நான் மிதித்தால் இவ்வளவு பெரிய ஆட்கள் பறந்தார்கள்.

பார்வையாளரின் வேலை தேடுவது. காட்டுக்குள் இருப்பவர்கள் மரத்தை வெட்டிக் கிழங்கு போடுவார்கள், மேலேயிருந்து அந்தத் திட்டைக் கண்டுபிடிப்பதுதான் அந்த விமானங்களின் இன்றைய வேலை. அதனால் நம் ஆட்டத்திலும் அப்படி. நான் காட்டுக்குள் எங்கேயாவது ஒரு வெளிறிய திட்டு வரைவேன், பார்வையாளர் அதைப் பார்த்துச் சொல்ல வேண்டும். இரண்டு மூன்று வாரத்தில் எல்லாரும் அந்த இடங்களை மனப்பாடம் செய்துவிட்டார்கள். வேறு வரையச் சொன்னார்கள். எனக்கு எப்படி வரைவது என்று தோன்றவில்லை. கற்பனையாக வரைந்தால் கற்பனையாகவே தெரிந்தது.

இங்கே உனக்கு ஒன்று சொல்ல வேண்டும், இது அறிவுரைதான், பொறுத்துக்கொள். நம் குடும்பத்தில் ஒரு நோய் இருக்கிறது. அச்சு அசலாக இருக்க வேண்டும் என்கிற நோய். அப்பா கருவிப் பலகையை மூன்று முறை செய்தார், ஒரு திருகாணி இடதுபக்கமா வலதுபக்கமா என்று. மூன்றாம் முறை அம்மா பலகையை விறகோடு சேர்த்துவிட்டாள், அப்பா இரண்டு நாள் பேசவில்லை. நானும் அப்படித்தான். செய்வது தப்பு என்று யாராவது சொன்னால் எனக்குக் காது சூடாகிவிடும், சரி என்று நிரூபிக்காமல் உட்கார முடியாது. உனக்கும் இது வந்திருந்தால், தம்பி, காது சூடாகும்போது எழுந்து போய்த் தண்ணீர் குடி. அவ்வளவுதான். நான் குடிக்கவில்லை.

காத்தமுத்து மாமா, என் அம்மாவின் தம்பி, ஜாசின் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறார், ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிற வேலை. அங்கே அவர்கள் குடியிருக்கிற லயத்தைச் சுற்றி முள்கம்பி, அரிசி அளந்துதான், சாப்பாட்டுப் பொட்டலத்தைக்கூட வேலைக்காட்டுக்கு எடுத்துப் போகவிடமாட்டார்கள், காட்டுக்காரர்களுக்குக் கொடுத்துவிடுவார்களாம். பிள்ளைகளுக்குப் பற்றவில்லை. மாமா வேலி தாண்டி, ஓடை இரண்டாகப் பிரிகிற இடத்தில், ஒரு துண்டு நிலத்தைக் கொத்தி மரவள்ளி போட்டார். காட்டுக்காரர்களுக்கு ஒரு கிழங்குகூடக் கொடுத்ததில்லை, இதை நான் எந்தக் கோயிலிலும் சொல்லுவேன். போன வருடப் பள்ளி விடுமுறையில் அவர் வீட்டுக்குப் போனபோது நடுவதற்கு மரவள்ளிக் குச்சிகளைப் பாவாடைக்குள் மறைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தவள் நான்தான். மாமா கயிறு பிடித்துத்தான் நட்டார். "கள்ளத்தனமா நடுறதுக்கு எதுக்கு மாமா கயிறு?" என்று கேட்டேன். "கோணலா நட்டா எனக்குச் சோறு எறங்காதும்மா. பொறந்ததுலேர்ந்து ரப்பர் வரிசையிலதான நடந்தேன்," என்றார். நேர் வரிசைகள், சுற்றிலும் சதுரம். காட்டுக்குள் ஒரு பாய் விரித்ததுபோல இருந்தது.

அதை வரைந்துவிட்டேன். ஆட்டத்துக்குப் புதிதாக ஒரு திட்டு வேண்டியிருந்தது, எனக்கு உண்மையாகத் தெரிந்த திட்டு அது ஒன்றுதான். ஓடையின் இரண்டு கிளை, நடுவில் சதுரம், அதற்குள் பல் வைத்த சீப்புபோல வரிசைகள். யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன். மாமா மரவள்ளி போட்டிருந்தது அம்மாவுக்கும் பாக் ராஜாவுக்கும் தெரியும். மாமா ஒருமுறை ஊருக்கு வந்தபோது பாக் ராஜாவுக்கு ஒரு சாக்குக் கிழங்கு கொடுத்தார், எங்கே விளைந்தது என்று ஜாடையாகச் சொல்லிச் சிரித்தார். அப்பாவிடம் சொல்லவில்லை, திடலில் வேலை செய்கிறவருக்கு எதற்கு என்று.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பா ஒரு விருந்தாளியைக் கூட்டிவந்தார். சார்ஜன், அதாவது போலீஸ் சார்ஜண்ட், நம்மவர்தான். வெள்ளைக்கார விமானியோடு மெய்யாகவே பறந்து, கீழே இருப்பது எந்த ஊர் எந்தத் தோட்டம் என்று சொல்கிறவர். அப்பா அவரைக் கூப்பிட்டது ஒரே காரணத்துக்காக. பறந்த ஒருவர் உட்கார்ந்து பார்த்து, சரியாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும். மற்றவர்களை அன்று வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு, காலையிலிருந்து அப்பா நாலு முறை சட்டை மாற்றினார். சார்ஜன் ஏறி உட்கார்ந்தார், கைப்பிடியை ஆட்டினார், முகர்ந்தார், அப்பா அந்த மருந்தைக் கூண்டுத் துணியிலும் பூசியிருந்தார். "அட, வாசன மொதக்கொண்டு இருக்கே," என்றார். அப்பா தேநீர் கொண்டுவர வீட்டுக்குள் போனார், கண்ணைத் துடைக்கத்தான் போனார் என்று எனக்குத் தெரியும். பாக் ராஜா உருளைக்கு எண்ணெய் எடுக்கப் போயிருந்தார். கொட்டகையில் நாங்கள் இரண்டு பேர்தான்.

மிதியை நிறுத்தியிருந்தேன். ஓட்டை வழியாகச் சார்ஜன் குனிந்து என்னைப் பார்த்தார், தலைகீழாக ஒரு முகம். "பூமிய நீதான் போட்டியா பாப்பா? எல்லாம் நல்லாருக்கு. இது மட்டும் தப்பு," என்று ஓடைக்கு நடுவே விரலைக் காட்டினார். "காட்டுல போடுறவன் சதுரமா போடமாட்டான். வரிசையாவும் போடமாட்டான். மேலேர்ந்து தெரிஞ்சிருமில்ல? கண்டபடி அங்கொன்னு இங்கொன்னு வெப்பான். இது சும்மா கற்பன."

காது சூடாகிவிட்டது, தம்பி.

"கற்பன இல்ல சார். நான் பாத்திருக்கேன்."

"எங்க பாத்த? கனவுலயா?"

"மெய்யாலுமே இருக்கு சார். கயிறு புடிச்சுத்தான் நட்டாரு. ஓட ரெண்டா பிரியிற எடத்துல."

"அப்படியா? எந்தத் தோட்டம் லா அது?" என்றார், சிரித்துக்கொண்டே, அவ்வளவு சாதாரணமாக.

நான் சொன்னேன். தோட்டத்தின் பெயரைச் சொன்னேன். மாமா பெயரைச் சொல்லவில்லை, ஆனால் அந்த லயத்தில் கயிறு பிடித்து நடுகிறவர் எத்தனை பேர் இருப்பார்கள்? அவர் எதையும் எழுதிக்கொள்ளவில்லை. "அப்போ நாந்தான் தப்பு," என்று நிமிர்ந்துவிட்டார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதைத்தான் உன்னிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, நான் வரைந்தது சரி என்று. அப்பா தேநீரோடு வந்தார், சார்ஜன் இரண்டு வடை சாப்பிட்டார், போகும்போது பாக் ராஜா முச்சந்திவரை கூடப் போனார், இருவரும் மலாயில் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டு.

புதன்கிழமை மாமாவைப் பிடித்துப்போனார்கள். அவசரகாலச் சட்டம், காட்டுக்காரர்களுக்குச் சாப்பாடு விளைவித்தாராம். மரவள்ளியைப் பிடுங்கி எரித்தார்களாம். மறுநாள் அத்தை பிள்ளைகளோடு பஸ்ஸில் வந்து இறங்கினாள், ஒரு காலில் மட்டும் செருப்பு இருந்தது. மாமா எங்கே இருக்கிறார் என்று யாரும் சொல்லவில்லை. சிலரை இரண்டு வருடம் வைத்திருக்கிறார்களாம். சிலரைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிடுகிறார்களாம், மாமா இந்தியாவைப் பார்த்ததே இல்லை. அன்றைக்கே அப்பா இடுப்புக் கயிற்றை அறுத்து அடுப்பில் போட்டார். துணியை உருளையிலிருந்து கழற்றி என் கையில் கொடுத்து, "இதையும் போட்டுரு. வேற போலீஸ் கண்ணுல பட்டா மேப்புன்னு சொல்லுவான்," என்றார். அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை. பார்த்திருந்தால் சதுரத்தைப் பார்த்திருப்பார். நான் எரிக்கவில்லை. சுருட்டி அதன்மேல் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

சார்ஜனிடம் யார் சொன்னது? அம்மா ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "கெழங்கு எங்க வெளையுதுன்னு தெரிஞ்சவன் அவன் ஒருத்தன்தான். போலீஸோட கைகோத்துட்டுப் போனவனும் அவன்தான். நமக்குப் புரியாத பாஷையில பேசிட்டான், அந்தச் சிட்டிக்காரன்." அத்தை அழுதாள். நேற்றுப் பாக் ராஜா வந்தார். எப்போதும் சமையலறைப் பக்கமாக வருகிறவர், வேலிக்கு வெளியே நின்றார். அப்பா உள்ளே போய் அவருடைய இழைப்புளியையும் ரம்பத்தையும் எடுத்துவந்து வேலிமேல் வைத்தார், கையில் கொடுக்கவில்லை. பாக் ராஜா அவற்றைத் தொடாமல், "புக்கான் சாயா, அண்ணே," என்றார். நான் இல்லை, அண்ணே. இரண்டாவது முறையும் சொன்னார், மெதுவாக. அப்பா வேலிக் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சன்னலுக்குப் பின்னால் நின்றேன். பாக் ராஜா போகும்போது என்னைப் பார்த்துவிட்டார். எப்போதும்போல, பூமி சுற்றுகிறதா என்று மலாயில் கிண்டல் செய்வதுபோலப் புருவத்தைத் தூக்கினார். அவருக்கு ஒன்றும் தெரியாது. என்மேல் அவருக்குக் கோபமே இல்லை. அதைவிட அடித்திருக்கலாம்.

இவ்வளவோடு முடிந்திருந்தால்கூட நான் வாயை மூடிக்கொண்டு வளர்ந்திருப்பேன், உனக்கு நல்ல அம்மாவாகவும் நடித்திருப்பேன். ஆனால் இன்று சாப்பிடும்போது அம்மா அப்பாவிடம் சொன்னாள், "விடிஞ்சதும் போலீஸ் டேசனுக்குப் போங்க. அந்தக் கெழங்க எந்தம்பி அந்தச் சிட்டிக்காரனுக்காகத்தான் போட்டான், அவன்தான் கேட்டு வாங்குனான், எங்க கொண்டுபோய்க் குடுத்தான்னு எங்களுக்குத் தெரியாதுன்னு சொல்லுங்க. அவன் சொல்லலாம், நாம சொல்லக்கூடாதா? எந்தம்பி வெளிய வரணும்." அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். கை கழுவ எழும்போது, "சரி," என்றார்.

சரி என்றார், தம்பி. விடிந்ததும் போவார். அவர் அப்படிச் சொல்லிவிட்டால் பாக் ராஜா வீட்டுக்கும் ஜீப் வரும். மாமாவும் வரமாட்டார், அவர் செய்யாததைச் செய்ததாகத்தான் அது ஆகும். நான் உண்மையைச் சொன்னால்? கொட்டகையைக் கிளறுவார்கள். கயிறு தெரியும், அப்பா திடலில் அளந்தது தெரியும், அதற்கு உளவு என்று பெயர் வைப்பார்கள். குச்சி கொண்டுபோனதற்கு என்னையும் பிடிக்கலாம். அம்மா என் முகத்தில் விழிக்கமாட்டாள். எழுதத் தொடங்கியதிலிருந்து மூன்று முறை எழுந்து தாழ்ப்பாள்வரை போய்த் திரும்பி வந்துவிட்டேன். மூன்று முறையும் ஏதோ ஒரு நல்ல காரணம் இருந்தது. அத்தை புரண்டாள், பிள்ளை சிணுங்கியது, அப்பா தூங்கியிருப்பார். அப்பா தூங்கவில்லை. கொட்டகைப் பக்கம் போவதும் வருவதுமாக இருக்கிறார், எனக்குக் கேட்கிறது.

இதைப் பாதியில் நிறுத்தி ஒன்று செய்து பார்த்தேன். துணியைக் கொஞ்சம் விரித்து விளக்கருகே பிடித்தேன். மெர்லிமாவ் வெளுத்து இருக்கிறது. அதற்கு மேலே ஓடை, அதற்கு நடுவே அந்தச் சதுரம், எவ்வளவு அழகாக வரைந்திருக்கிறேன். மேலேயிருந்து பார்ப்பவன் பிழைக்கவும் வைப்பான், பிடித்தும் கொடுப்பான் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. உனக்கு நான் சொல்கிறேன். போலீஸ் முன்னால் பேச எனக்குத் தைரியம் இருக்கிறதா என்று தெரியாது. அப்பா முன்னால் ஒருமுறை பேச வேண்டும், அவ்வளவுதான். துணியை விரித்து விரலை வைத்து, இதை நான்தான் சொன்னேன், பாக் ராஜா இல்லை, என்று. அதற்குப் பிறகு டேசனில் எதைச் சொல்வது எதை விடுவது என்று அவர் முடிவு செய்யட்டும். ஆனால் தெரியாமல் போய்ச் சொல்லக்கூடாது. சயாமிலிருந்து திரும்பி வந்தவர், பொய் சொன்ன ஆளாக வீடு திரும்பக்கூடாது, என்னால்.

நீ இதைப் படிக்கிறாய் என்றால் நான் சொல்லிவிட்டேன் என்று அர்த்தம். சொல்லாவிட்டால் இதை நானே எரித்துவிடுவேன், உன் கண்ணில் இது படாது, நீயும் என்னை நல்லவள் என்றே நினைத்துக்கொண்டிருப்பாய். அது எனக்கு வேண்டாம் என்றுதான் இப்போது தோன்றுகிறது. ஆனால் இன்னும் உட்கார்ந்தேதான் இருக்கிறேன். நாலாவது முறை எழுந்தால்

காலடிச் சத்தம். கூடத்தில். அத்தை இல்லை, அத்தை செருப்பில்லாமல் நடப்பாள். விளக்கின் வெளிச்சம் கதவுக்கடியில் தெரிந்திருக்கும். யாரோ கதவைத் தட்டுகிறார்கள். ஒரு தட்டு. விளக்கை ஊதி அணைத்துவிட்டால் தூங்கிவிட்டேன் என்று நினைத்துப் போய்விடுவார்கள். அணைக்கவில்லை, தம்பி. இரண்டு.

மூன்று. அப்பாதான். துணி என் கையில் இருக்கிறது, தாழ்ப்பாளை